நான்கு பெயர்களுக்கு ஒரே தொலைபேசி

சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேற்குப் புறத்தில் இருந்த ஆறு அறைக் கட்டடம் அது. முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். பின்பக்கக் கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டும் வரை உப்பளம். தண்ணீர் அந்தக் கட்டடம் வரை வரவில்லை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் கடல் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் பயந்த நேரம் அது. யாரும் தங்க வரவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வானூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் நான் எந்த அறையில் இருப்பது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத விஷயமாக இருந்தது. கெஸ்ட் ஹவுஸ் வேலையில் தங்க அறையும் உண்டு என்று தெரிந்த அன்றே ஒப்புக்கொண்டேன்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி சென்னையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி போனில்தான் பேச்சு. வாட்ச்மேனும் அவர் மனைவியும் பின்னால் ஒரு ஷெட்டில் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் பகலில் உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். விடிந்ததிலிருந்து மாலை வரை ஆறு அறைகளுக்கும் ஒரு தொலைபேசிக்கும் நடுவில் நான் மட்டும்தான். தினமும் ஆறு அறைகளிலும் படுக்கை விரிப்பை உதறி மறுபடியும் போடுவேன். யாரும் படுக்காத விரிப்பில்கூட இரண்டே நாளில் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு ஏறிவிடும்.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏம்மா, விளம்பரம் குடுத்துப் பாப்போம். ஆனா எதுல குடுத்தா ஆள் வருதுன்னு தெரியணும். எல்லாத்துலயும் ஒரே நம்பர்தான் இருக்கும். அதனால ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர் போடுவோம். 'இன்னாரைக் கேளுங்கள்'னு. எந்தப் பேரைக் கேட்டு போன் வருதோ, அந்த விளம்பரத்தைப் பாத்து வந்ததுன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

புரிந்தது. நல்ல யோசனை என்றும் பட்டது. நான்கு இடங்களில் விளம்பரம் போவதாக இருந்தது. சென்னைப் பேப்பரில் வரி விளம்பரம். புதுச்சேரி லோக்கல் கேபிளில், படத்துக்கு அடியில் ஓடும் எழுத்து. பெரிய முதலியார்சாவடியில் சாலையோரக் கடை ஒன்றின் சுவரில் பெயின்ட் எழுத்து. நான்காவது இன்டர்நெட். சென்னையில் அவருடைய மகன் எந்நேரமும் ஏதோ ஒரு தளத்தில் நண்பர்களோடு எழுதிக்கொண்டே இருக்கிறானாம். அதில் லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்களாம், அதுவும் இலவசமாம்.

"நாலு பேரையும் நீயே வச்சுக்கம்மா. உன் பேர் மட்டும் வேணாம். அது தனியா இருக்கட்டும்" என்றார்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு பெண்களின் பெயர்களை வைத்தேன். அவர்கள் எல்லோருக்கும் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.

விளம்பரம் வந்ததும் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. பேப்பர் பெயரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா, அறைக்குப் படி ஏற வேண்டுமா என்று விசாரிப்பார்கள். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கடல் எவ்ளோ தூரம்மா?" என்பார்கள். நான் உண்மையைச் சொல்வேன். "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று வைத்துவிடுவார்கள். கேபிள் பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் குரலைக் கேட்டதும் சிலர் வைத்துவிடுவார்கள், சிலர் வைக்கவே மாட்டார்கள். "நீங்க தனியாவா இருக்கீங்க?" என்று ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டால், "அவங்க வேலைய விட்டுட்டாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சுவர்ப் பெயரைக் கேட்டு ஆரம்பத்தில் யாருமே கூப்பிடவில்லை.

இப்படி நாள் முழுக்க யாராவது ஒரு பெண்ணைத் தேடுவார்கள், நானும் அவளாகப் பேசுவேன். சில நாள் சாயங்காலம் வாட்ச்மேன் மனைவி வந்து "யம்மா" என்று கூப்பிடும்வரை என்னை யாரும் நானாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இன்டர்நெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து மரக்காணத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். சென்டர்காரர்தான் எனக்கு அந்தத் தளத்தைக் காட்டிக்கொடுத்தார். அப்போதெல்லாம் உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் நாம் போக முடியும். அவரே அழைப்பு அனுப்பினார். பதிவு செய்யும்போதுதான் சிக்கல் வந்தது. அங்கே கடைக்கோ விடுதிக்கோ இடம் இல்லை, மனிதர்கள் மட்டும்தான் சேரலாம். ஆணா பெண்ணா, வயதென்ன, என்ன பிடிக்கும் என்று கேட்டது.

"சும்மா ஒரு பொண்ணு மாதிரி போடுங்க மேடம். இருபத்தி நாலு வயசுன்னு போடுங்க. அப்பத்தான் ஆளுங்க பாப்பாங்க" என்றார் சென்டர்காரர்.

அப்படியே போட்டேன். முகத்துக்குப் பதிலாக உப்பளத்தின் படம் ஒன்றை வைத்தேன். முதலாளி கொடுத்து வைத்திருந்த சின்ன கேமராவில் விடியற்காலையில் பின்வாசலிலிருந்து எடுத்த படம் அது. உப்புக் குவியல்கள் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரு பெண் தலையில் கூடையோடு போய்க்கொண்டிருப்பாள்.

முதலாளி மகன் இன்னொரு தளத்தையும் சொல்லியிருந்தான். அதில் வெள்ளைக்காரர்கள் அதிகமாம், போட்டோ போட்டால் பார்ப்பார்களாம். அங்கேயும் அதே பெயரில் அதே படங்களைப் போட்டேன். "எதுல ஆள் அதிகம், எது நமக்கு லாபம், ரெண்டையும் பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி. பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் படங்களை நிறையப் பார்த்தார்கள். 'அழகு' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போனார்கள். இது எந்த நாடு என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. முதல் தளத்தில் சென்னைப் பையன்கள் நண்பராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் குவிந்தார்கள். பக்கம் முழுக்க ஹாய், ஹலோ, சாப்பிட்டாயா. நான் ஒவ்வொருவருக்கும் அறை வசதிகளைப் பற்றி எழுதுவேன், உடனே பேச்சு நின்றுவிடும்.

அந்தக் கூட்டத்தில்தான் அவள் வந்தாள்.

வளைகுடா நாடு ஒன்றில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாக எழுதியிருந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். முதல் முறை எழுதியது இவ்வளவுதான்: "அந்தப் படத்தில் தெரிவது எங்கள் ஊர் உப்பளம். எங்கப்பா அங்கேதான் உப்பு வாரினார். இன்னும் படம் இருந்தால் போடுங்கள்."

நான் அறைகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு பாத்திகளின் வரப்பு வழியாக உள்ளே நடந்தேன். அவ்வளவு மாதமாக அந்தக் கதவைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக அன்றுதான் உப்பளத்துக்குள் இறங்கினேன். தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால், பலகையால் உப்பை இழுப்பவர்கள், கழற்றி வைத்த செருப்புகள் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பனைமரம் இருக்குமே, இருக்கிறதா? இருந்தது. மாதா கோயில் மணிச் சத்தம் அங்கே வரை கேட்கிறதா? காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கேட்கிறது என்று எழுதினேன்.

பிறகு படம் இல்லாமலும் எழுதிக்கொண்டோம். அவளுடைய அறையில் நான்கு நர்ஸுகள், நான்கு பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருத்தி எழும்போது ஒருத்தி படுப்பாள். ஒரே அறையில் வருடக்கணக்கில் இருந்தும் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று எழுதினாள். எனக்கும் எழுத இருந்தது. ஆறு அறை காலியாக இருக்கும் வீட்டில் ராத்திரி எல்லா விளக்கையும் போட்டு வைப்பதா, அணைத்து வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். போட்டு வைத்தால் யாரும் இல்லாதது நன்றாகத் தெரிந்தது. "ஒரே ஒரு விளக்கைப் போடுங்கள், வராந்தாவில்" என்று பதில் எழுதினாள். அப்படியே செய்தேன்.

செவ்வாயும் சனியும் எனக்கு வேறு மாதிரியான நாட்களாக மாறின. பஸ்ஸுக்கு முன்னாலேயே சாலையில் போய் நின்றுகொள்வேன். அவள் எழுதாத வாரம் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால்கூட வெளியே பார்க்கத் தோன்றாது.

இதற்கிடையில் தங்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மீனவக் குப்பங்களில் புது வீடு கட்டிக்கொடுக்க வந்த இன்ஜினியர்கள், கணக்குப் பார்ப்பவர்கள். புதுச்சேரியில் தங்கி தினமும் ஜீப்பில் போய்வந்தவர்கள், அந்தக் கடைச் சுவரை அன்றாடம் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் சுவர்ப் பெயரைத்தான் கேட்டார்கள். முதலாளி போனில் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன்.

"பேப்பர்ல விசாரிக்கிறாங்க சார், வரமாட்டேங்கிறாங்க. கேபிள நிறுத்திடலாம். சுவத்துலதான் ஆள் வருது."

"இன்டர்நெட்?"

"நெறைய பேர் பாக்குறாங்க சார். ரூம் யாரும் கேக்கல."

"லட்சம் பேர் இருக்குற எடத்துல ஒருத்தன்கூட வரலியா? பெயின்ட் அடிச்ச சுவத்துக்கு வர்றானுங்க" என்று சிரித்தார். "பாக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் போட்டுவை."

அந்தக் கொஞ்ச நாளுக்காக அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மறு வருடம், உப்பு நன்றாக விளையும் வெயில் காலத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல் இன்டர்நெட் பெயரைக் கேட்டது. அந்தப் பெயரைக் கேட்டு வந்த முதல் அழைப்பு அது.

"நான்தான்" என்றேன்.

"லீவுல வந்திருக்கேன். ரெண்டு நாள் தங்கணும். ரூம் இருக்குங்களா?" என்று கேட்டாள் அந்த நர்ஸ். சொந்த ஊரில் அறை கேட்கிறாள். அப்பா இறந்த பிறகு வீட்டை விற்றுத்தான் அவளுடைய படிப்புக் கடனை அடைத்தார்கள் என்று முன்பே எழுதியிருந்தாள். அம்மா சின்ன வயதிலேயே இல்லை. திருச்சிப் பக்கம் மாமியார் வீடு. ஊருக்கு வந்தால் தங்க ஓர் இடம் கிடையாது.

பின்பக்கம் பார்த்த அறையைச் சுத்தம் செய்தேன். விரிப்பை இரண்டு முறை மாற்றினேன். வாட்ச்மேன் மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாம்மா, உன் சொந்தக்காரங்களா வர்றாங்க?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

நான் தலையணையை எடுத்து உதறிப் போட்டேன்.

மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒல்லியாக, சுடிதாரில், பெரிய பெட்டியோடு. நான் நினைத்ததைவிடச் சின்னவள். வராந்தாவுக்கு வந்து, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னாள். "கொஞ்சம் கூப்பிடுறீங்களா? நான் வருவேன்னு அவங்களுக்குத் தெரியும்."

"நான்தாங்க அது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நரைக்க ஆரம்பித்திருந்த என் காதோரத்தைப் பார்த்தாள்.

"நீங்களா? நான் என் வயசுப் பொண்ணுன்னு நெனச்சேன்."

பெயரும் வயதும் விளம்பரத்துக்காகப் போட்டது என்று சொன்னேன். நான்கு பெயர் விஷயத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவள் பெட்டியின் கைப்பிடியை விடவே இல்லை.

"அப்ப நீங்க எழுதினதெல்லாம் விளம்பரத்துக்கா?"

"பேருதாங்க விளம்பரத்துக்கு. எழுதினது நான்தான்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குப் போனேன். அவளுக்காகக் காலையிலேயே வாங்கி வைத்திருந்த மீன் குழம்பில் கொதித்தது.

வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"அக்கா, உப்பளத்துக்குப் போலாமா?"

அந்த 'அக்கா'வை அவள் யோசித்துச் சொன்னாளா, வாய்க்கு வந்ததா தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வரப்பில் என்னைவிட வேகமாக நடந்தாள். பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். இரண்டு பெண்கள் கூடையில் உப்பு சுமந்து வந்தார்கள். அதில் பெரியவள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"போட்டோ புடிக்க வந்தீங்களா? எம்மாம்தான் புடிப்பீங்க, நாளுக்கு ஒருத்தர் வர்றீங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே தன் அப்பாவை இந்தப் பக்கம் எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி, "அவரு எந்தப் பாத்தியில வேல செஞ்சாரு, தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"அந்தாளா? அதோ, அந்தக் கோடில கீதே, அது. நல்ல மனுசன், பாவம். அது பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. வெளிநாட்டுல கீது. பெரிய வேலை. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறது கெடயாது."

நான் அவளைப் பார்த்தேன். "நான்தான் அது" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தலையை ஆட்டி, "அப்படியா" என்றாள். அந்தப் பெண் கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

"ஏன் சொல்லல?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"சொன்னா உக்காந்து பேசணும்க்கா. எப்ப வருவ, எங்க தங்கியிருக்கன்னு கேப்பாங்க. ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

இரவு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள். எழுதும்போது அவ்வளவு எழுதியவர்கள் நேரில் உட்கார்ந்தபோது என்ன பேசுவதென்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், தூங்கினாள், உப்பளத்தை ஜன்னல் வழியாகவே பார்த்தாள். அடுத்த நாள் காலை பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "எழுதுங்க" என்றாள். எந்தப் பெயரில் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதலாளியிடம் வழக்கம்போலச் சொன்னேன், இன்டர்நெட் பெயரைக் கேட்டு ஓர் ஆள் வந்து தங்கியதாக. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா! வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்க! சுவத்தப் பாத்து வர்றவனுங்க இந்த வருசக் கடைசில வீட்டக் கட்டி முடிச்சுட்டுப் போயிடுவானுங்க. இனிமே இதுதான். ஆனா இத ஒழுங்கா செய்யணும்." சென்னையில் இதற்கென்றே ஓர் ஆபீஸ் வைத்திருப்பவர்களிடம் வேலையைக் கொடுத்தார். பாஸ்வேர்டைக் கேட்டார். போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போக எனக்கு வேலை இல்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை போனேன். படம் மாறியிருந்தது. உப்பளம் இருந்த இடத்தில் யாரென்று தெரியாத ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் நீல நிறத்தில் ஏதோ ஒரு கடல். நண்பர்கள் பல மடங்கு ஆகியிருந்தார்கள். நர்ஸ் எழுதியிருந்தாள்: "மழை வந்துவிட்டதா? குவியல்களை மூடிவிட்டார்களா?" அடியில் என் பெயரில், அதாவது அந்தப் பெயரில், யாரோ பதில் எழுதியிருந்தார்கள். "ஹாய் டியர், சீசன் ஆஃபர் போய்க்கொண்டிருக்கிறது, நண்பர்களோடு வாருங்கள்" என்று. பக்கத்து இருக்கையில் ஒரு பையன் விளையாட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். எழுந்து காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் மாலை தொலைபேசி அடித்தது. எடுத்ததும் தூரத்துக் கரகரப்பு. பேச்சு கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தது.

"அக்கா, நான்தான். அது நீங்க எழுதல இல்ல?"

"இல்லம்மா. வேற ஆளுங்க."

"தெரிஞ்சுது. படிச்சவுடனே தெரிஞ்சுது."

அவள் மழையைப் பற்றிக் கேட்டாள். பத்து நாளாகப் பெய்கிறது என்றேன். பாத்தி எல்லாம் தண்ணீர், குவியல்களை ஓலை போட்டு மூடிவிட்டார்கள், கூலிக்குப் போக முடியாமல் வாட்ச்மேனும் மனைவியும் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றேன். அவளுடைய அறையில் ஒரு நர்ஸ் ஊருக்குப் போய்விட்டாளாம், அந்தக் கட்டில் காலியாகவே கிடக்கிறதாம். பனைமரம் என்று ஏதோ ஆரம்பித்தேன், அவளுடைய போன் கார்டில் காசு தீர்ந்ததோ என்னவோ, இணைப்பு அறுந்தது. அவள் எவ்வளவு தூரம் கேட்டாள் என்று தெரியவில்லை. மறுபடியும் அடிக்கும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அந்தத் தளத்துப் பக்கத்தைத் தவிர அவளைக் கண்டுபிடிக்க என்னிடம் எதுவும் இல்லை, அந்தப் பக்கமும் இப்போது வேறு ஆட்கள் கையில். வந்தபோது பதிவேட்டில் எழுதிய விலாசம் திருச்சி மாமியார் வீடு; அங்கே நான் எழுதினால் யார் என்று கேட்பார்கள், அவளாலும் விளக்கிச் சொல்ல முடியாது. அடுத்த கோடை வருவதற்குள் அந்த வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன்.

அவள் கூப்பிட்ட அன்று மாலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நின்றுகொண்டே இருந்தேன், தொலைபேசி அடிக்கவில்லை. மழைச் சத்தத்தில் அறை ஒன்றிலிருந்து இன்ஜினியர் ஒருவர் கதவைத் திறந்து, "யாருங்க அங்க, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?" என்று கேட்டார்.

"இதோ வர்றேங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.